கிமோனோவும் விசிறியும் போதாது: அறியாத கலைமரபு ஓவியரின் கையை மாற்றுவது எப்படி?

1876-இல் க்ளோத் மோனே தன் மனைவி கமீலுக்குச் சிவப்புக் கிமோனோ உடுத்தி, கையில் விசிறியைக் கொடுத்து, ஆளுயரத்தைத் தாண்டிய கான்வாஸில் வரைந்தார். பின்சுவர் முழுக்க ஜப்பானிய விசிறிகள். படத்தின் பெயரே ‘ஜப்பான்காரி’. சற்று நின்று பார்த்தால், அதில் ஜப்பான் என்று இருப்பவை எல்லாம் சாமான்கள்தான் என்பது தெரியும். முகத்தில் ஒளியும் நிழலும் ஐரோப்பிய முறைப்படி. துணியின் மடிப்புகள் கையால் பிடிக்கலாம் போலப் புடைத்து நிற்கின்றன. அங்கியில் பூவேலையாக இருக்கும் போர்வீரன்கூட உடம்பும் கனமுமாக வெளியே குதிக்கப் பார்க்கிறான்.

1888 நவம்பரில், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் வின்சென்ட் வான்கோ ‘விதைப்பவன்’ படத்தை வரைந்தார். கிமோனோ இல்லை, விசிறி இல்லை. பிரெஞ்சு வயல், பிரெஞ்சு விவசாயி, தலைக்குப் பின்னால் பெரிய மஞ்சள் சூரியன். ஆனால் கண்ணுக்கு மிக அருகே ஒரு மரத்தண்டு படத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது, அதன் மேல்முனை சட்டத்துக்கு வெளியே மறைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஓவியப் பள்ளியில் எந்த ஆசிரியரும் இப்படி வைக்கச் சொல்லித் தந்திருக்க மாட்டார். இந்த அமைப்பு ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் 1857-ஆம் ஆண்டு மர அச்சுப்படத்திலிருந்து வந்தது. ஓராண்டு முன்பு பாரிஸில் வான்கோ அதைக் கட்டம் போட்டு, அப்படியே பார்த்து வரைந்திருந்தார்.

வேற்று மரபு புதிய படைப்புக்கு வழிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது நடக்கும் இடம் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் பொருள்களை எடுத்தார், மற்றவர் விதியை எடுத்தார். (மோனே பின்னால் அல்லிக்குளப் படங்களில் அந்த விதிகளுக்கும் வந்து சேர்ந்தார். அது வேறு கதை.)

முதலில் பாரிஸ் ஓவியர்களின் கையில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அன்றைய பயிற்சியில் மாணவர் முதலில் சுண்ணாம்புச் சிலைகளைப் பார்த்து ஒளிநிழல் பழகுவார். எந்த உருண்டை வடிவத்தையும் வெளிச்சம், இடைநிலை, நிழல் என்று படிப்படியாகக் காட்டுவார். பிறகு தொலைநோக்குக் கோடுகள்: தெருவின் இரு ஓரங்களும் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் போய்க் கூட வேண்டும். முக்கியமான ஆள் நடுவில் அல்லது நடுவுக்குப் பக்கத்தில், முழு உருவமாக நிற்க வேண்டும். நான்கைந்து தலைமுறையாக இதையே பழகிய கைக்கு இவையெல்லாம் தேர்வுகளாகத் தோன்றாது, கண் பார்ப்பதே இப்படித்தான் என்று தோன்றும். தன் பேச்சில் ஒரு ராகம் இருப்பதே நெல்லைக்காரருக்குச் சென்னையில் போய் இறங்கும்வரை தெரியாது, அதுபோலத்தான்.

அந்த ஓவியர்கள் முன்னால் வந்து இறங்கியதுதான் உக்கியோ-ஏ எனப்படும் ஜப்பானிய மர அச்சுப்படம். 1854-இல் ஜப்பான் தன் துறைமுகங்களை அமெரிக்காவுக்குத் திறந்தது, அடுத்தடுத்த ஆண்டுகளில் வணிகம் பெருகியது. விலை மலிவான இந்தப் படங்கள் பாரிஸ் கடைகளுக்குக் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றில் நிழல் இல்லை. ஒரு நிறம் ஒரு பரப்பு முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கும், சுற்றிலும் கறுப்புக் கோடு. ஆள் பாதி சட்டத்துக்கு வெளியே நிற்பார். பார்வை மேலிருந்து விழும்.

இவை ஏன் அப்படி இருந்தன என்பது, இந்த முழு விஷயத்தையும் புரிந்துகொள்ளத் திறவுகோல். உக்கியோ-ஏ ஒருவர் தனியாக வரைந்த ஓவியம் கிடையாது. பதிப்பாளர் முதல் போடுவார். ஓவியர் மெல்லிய தாளில் கோடு வரைந்து தருவார். செதுக்குபவர் அந்தத் தாளைக் குப்புறக் காட்டுச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைக் குடைந்து எடுப்பார். (ஓவியரின் மூலம் அத்தோடு அழிந்துவிடும்.) அதிலிருந்து எடுத்த கறுப்புப் படிகளில் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்து, நிறத்துக்கு ஒரு பலகை வீதம் செதுக்குவார்கள். எல்லாப் பலகையும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகப் பலகையின் மூலையிலும் ஓரத்திலும் ‘கென்டோ’ என்ற சிறு வெட்டு இருக்கும், தாளின் விளிம்பு அதில் போய் முட்டி உட்காரும். அச்சடிப்பவர் நீரில் கரைத்த நிறத்தையும் அரிசிக் கஞ்சிப் பசையையும் பலகையில் தேய்த்து, ஈரத் தாளை வைத்து, ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார்.

இந்த வேலைமுறையில் நிழலைப் படிப்படியாகக் கொண்டுவருவது கஷ்டம். வானத்தின் மேலோரத்தில் நிறத்தை மங்கவிட வேண்டும் என்றால்கூட, ஒவ்வொரு படிக்கும் பலகையில் கையால் நிறத்தைத் துடைத்து இறக்க வேண்டும். அதற்கு ‘பொகாஷி’ என்று பெயர். ஆக, தட்டை நிறமும் கறுப்புக் கோடும் மரப்பலகையில் மலிவாக அச்சடிக்க வேண்டிய கட்டாயத்தோடு பிறந்தவை. பாரிஸ்காரருக்கு அந்தக் கட்டாயம் தெரியாது. அவர் கையில் எண்ணெய் வண்ணம் இருக்கிறது, நிழல் போடத் தடையேதும் இல்லை. அப்படிப்பட்டவர் தட்டை நிறத்தைப் பார்த்தபோது, “நிழல் போடாமலும் விடலாமா?” என்று கேட்டுக்கொண்டார். ஒரு மரபுக்குள் கட்டாயமாக இருந்தது வெளியிலிருந்து வருபவர் கண்ணில் சுதந்திரமாகத் தெரிகிறது. புதுமை பெரும்பாலும் இந்தக் கோணல் பார்வையில்தான் பிறக்கிறது.

இனி வான்கோ செய்ததை நெருங்கிப் பார்க்கலாம். 1886–87 குளிர்காலத்தில் அவர் பாரிஸ் வணிகர் சீக்ஃப்ரீட் பிங்கின் கிடங்கிலிருந்து சுமார் 660 ஜப்பானியப் படங்களை வாங்கிக் குவித்தார். நோக்கம் வியாபாரம். ‘லெ தாம்பூரின்’ என்ற காபிக்கடையில் கண்காட்சி வைத்தார், விற்பனை ஆகவில்லை. படங்கள் கையில் தங்கின, அறைச் சுவர்களில் ஏறின. 1887-இல் அவற்றில் சிலவற்றை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார்.

ஒன்று, ஹிரோஷிகேயின் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ தொகுப்பில் வரும் கமெய்தோ பிளம் தோட்டம் (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்). பழைய பிளம் மரம் ஒன்றின் தண்டும் கிளைகளும் பார்ப்பவர் மூக்குக்கு முன்னால், சட்டத்தின் ஓரங்களில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. அந்தக் கிளைகளின் சந்து வழியாக, வெகுதூரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், விரல்நகம் அளவில் மனிதர்கள். தரை பச்சை, வானம் சிவப்பு. ஆழம் தெரிகிறது, ஆனால் ஒரு புள்ளியில் குவியும் கோடு எதுவும் இல்லை. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இருப்பதைக் குறைத்துவிட்டதால் கிடைத்த ஆழம் அது.

வான்கோ அச்சுப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளைப் பிரதி எடுத்து, கட்டம் போட்டு, பெரிய கான்வாஸுக்குக் கொண்டுபோனார். அந்தக் கட்டத்தாள் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமைப்பில் கை வைக்காத மனிதர், நிறத்தில் தயங்கவில்லை. மரத்தின் கறுப்பையும் சாம்பலையும் விட்டுச் சிவப்பும் நீலமும் ஏற்றினார். இரு பக்கமும் ஆரஞ்சுப் பட்டை வரைந்து, வேறு அச்சுப்படங்களில் இருந்த ஜப்பானிய எழுத்துகளை அதில் நிரப்பினார். அந்த எழுத்துகளுக்கும் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இதே வேலையில் அமைப்பு என்ற விதியும், அலங்காரம் என்ற மேற்பூச்சும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பட்டையும் எழுத்தும் இந்த நகல்களோடு நின்றுவிட்டன. சாய்ந்த தண்டு மட்டும் ஆர்லுக்கு வந்து விதைப்பவன் பக்கத்தில் முளைத்தது.

அதே 1888 அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்தபோது, நிழல்களை விட்டுவிட்டு ஜப்பானிய அச்சுப்படங்களைப் போலத் தட்டை நிறத்தில் வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். கட்டில், இரண்டு நாற்காலி, சிறு மேசை, ஜன்னல், சுவரில் சில படங்கள், அவ்வளவுதான். 1890-இல் தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் வரைந்த பாதாம் பூக்கள் படத்திலோ தரையும் இல்லை, அடிமரமும் இல்லை, நீல வானத்தில் கிளைகள் மட்டும்.

இதைவிடத் தெளிவான பாடம் மேரி கசாட்டிடம் இருக்கிறது என்று சொல்லலாம். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர். 1890 வசந்த காலத்தில் எகோல் தெ போசார் கலைப்பள்ளியில் பிங் ஏற்பாடு செய்த பெரிய ஜப்பானிய அச்சுப்படக் கண்காட்சியைப் பார்த்தார். தோழி பெர்த் மொரிசோவையும் கட்டாயம் வந்து பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு பத்து வண்ண அச்சுப்படங்கள் கொண்ட தொகுப்பை, ஒவ்வொன்றிலும் 25 படிகள் வீதம் வெளியிட்டார்.

கசாட் மரப்பலகையைத் தொடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அவருக்குக் கைவந்தது செம்புத் தகட்டு வேலை. தகட்டில் ஊசியால் நேராகக் கீறிக் கோடு எடுத்தார். தட்டை நிறத்துக்கு, குங்கிலியத் தூளைத் தகட்டில் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிடும் அக்வாடின்ட் முறை. தகட்டிலேயே அந்தந்த இடத்துக்கு அந்தந்த மையைத் துணிச்சுருளால் ஒற்றி, ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார். ‘கடிதம்’ என்ற படத்தைப் பாருங்கள்: ஒரு பெண் உறையை உதட்டில் வைத்து ஒட்டப் போகிறாள். அவள் உடையில் பூ, பின்சுவரில் வேறு பூ, இரண்டுமே தட்டை. மேசைப் பலகை நம் பக்கமாகக் கவிழ்ந்து வருவதுபோல் சாய்ந்திருக்கிறது. உடை பாரிஸ் உடை, மேசை பாரிஸ் மேசை. விதிகள் மட்டும் எடோவிலிருந்து வந்தவை.

பாரிஸ் ‘கலப்பற்ற ஜப்பான்’ என்று கொண்டாடியதும் கலப்புதான். ஹொகுசாய் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எழுபது வயதில், ஃபூஜி மலைக் காட்சிகளை வரைந்தார். உலகமே அறிந்த பேரலைப் படம் அதில் ஒன்று. அந்த ஆழ்ந்த நீலம் பிரஷ்யன் நீலம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான செயற்கை நிறம். அலையின் வளைவுக்கு அடியில் மலை அத்தனை சிறிதாகத் தெரிகிறதே, அந்தத் தூரக் கணக்கும் நாகசாகியில் டச்சு வணிகர்கள் வழியாக வந்த ஐரோப்பியப் படங்களைப் பார்த்து ஜப்பானிய ஓவியர்கள் ஏறக்குறைய நூறாண்டாகச் சோதித்துக்கொண்டிருந்த விஷயம். ஐரோப்பாவுக்கு அலுத்துப்போன தொலைநோக்கு ஜப்பானில் புதுமை, ஜப்பானுக்குச் சாதாரணமான தட்டை நிறம் பாரிஸில் புதுமை.

இசையிலும் இதே கணக்குதான். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில், கோங்குகளும் உலோகத் தகட்டு வாத்தியங்களும் சேர்ந்த ஜாவாவின் காமலான் குழுவைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி கேட்டார். அதன் ஸ்லெந்த்ரோ சுருதியில் ஒரு ஸ்தாயி ஏறக்குறைய சமமான ஐந்து இடைவெளிகளாகப் பிரிகிறது, பியானோவில் அது வரவே வராது. அதை அவர் துரத்தவில்லை. அடியில் பெரிய கோங் மெதுவாகச் சுழற்சியைக் காக்க, மேலே போகப் போக வாத்தியங்கள் வேகமாக நெய்வது என்ற அடுக்கை எடுத்துக்கொண்டார். 1903-இல் வந்த ‘பகோடாக்கள்’ பியானோ துண்டில் அந்த அடுக்கு கேட்கும். அதன் முக்கிய ராகம் ஐந்து சுரத்தில் அமைந்தது, நம் காதுக்கு மோகனத்தின் சாயல் உடனே படும். கேட்டதற்கும் எழுதியதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

இதை நாமே செய்து பார்க்க முடியுமா? முடியும், ஒரு வாரத்தில் தொடக்க நிலையைத் தாண்டலாம். ‘ஜப்பானியக் கலை’ முழுவதையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு படத்தை எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சிகாகோ கலை நிறுவனமும் ஏராளமான உக்கியோ-ஏ படங்களைப் பெரிய அளவில், கட்டணமில்லாமல் இணையத்தில் தருகின்றன. ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் கலர் பிரின்ட் போட்டால் மூலத்தின் அளவே கிடைத்துவிடும் (ஒபான் என்ற வழக்கமான அளவு ஏறக்குறைய 38 × 26 செ.மீ.). போன் திரையில் பார்த்து வரையாதீர்கள். சுருங்கிய படத்தில் கோட்டின் தடிமன் மாறும் இடங்கள் தெரியாது, எல்லாமே கார்ட்டூன் மாதிரித் தோன்றும்.

பென்சிலைத் தொடும் முன் 20 நிமிடம் பார்த்து, உங்களுக்குத் ‘தப்பு’ என்று படுகிற ஐந்தை எழுதுங்கள். “மரம் வெட்டுப்பட்டிருக்கிறது”, “வானம் சிவப்பு”, “நிழலே இல்லை” என்கிற மாதிரி. “அழகாக இருக்கிறது” என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. உறுத்துகிற இடத்தில்தான் உங்கள் பழக்கமும் அவர்கள் விதியும் மோதுகின்றன.

பிறகு டிரேசிங் தாளில் முக்கியக் கோடுகளை மட்டும் எடுத்து, 2 செ.மீ. கட்டம் போட்டு, 3 செ.மீ. கட்டம் போட்ட கெட்டித் தாளுக்கு மாற்றுங்கள். ஒன்றரை மடங்கு பெரிதாகும்போது, வெற்றிடமாகத் தெரிந்த பகுதிகளும் அளந்து வைத்த வடிவங்கள் என்பது கைக்குப் புரியும். போஸ்டர் கலரில் ஆறு நிறத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பரப்புக்கு வேண்டிய நிறத்தை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள், இரண்டாவது கலவை ஒருபோதும் ஒத்துப்போகாது. தூரிகையிலிருந்து சொட்டாமலும், இழுத்தால் தடங்கலின்றி ஓடியும் வருவது சரியான பதம். தண்ணீர் கூடினால் திட்டுத் திட்டாகக் காயும், குறைந்தால் வெடிக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பாதி வழியில் கை தானாக மரத்தின் ஒரு பக்கத்தைக் கருமையாக்கத் தொடங்கும். அழித்துவிடாமல், எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குள் உட்கார்ந்திருக்கும் பயிற்சி எது என்று அந்த இடம் காட்டிக்கொடுக்கிறது. இன்னொரு சறுக்கல், கறுப்புக் கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் ஒரே தடிமனில் ஓட்டிவிடுவது. மூலத்தில் கிளை வளையும் இடத்தில் கோடு தடித்து, நுனியில் மெலியும்.

நகல் முடிந்ததும், கண்ட விதிகளில் ஒன்றே ஒன்றைக் கட்டளையாக எழுதுங்கள். ஹிரோஷிகே படத்துக்கு இப்படி வரலாம்: “அருகில் ஒன்றை மிகப் பெரிதாக, ஓரம் வெட்டுப்பட வை. தூரத்தில் இருப்பதை மிகச் சிறிதாக வை. நடுத்தூரத்தில் எதையும் வைக்காதே.” அதில் ஜப்பான் என்ற சொல்லோ, பிளம் பூவோ, ஃபூஜியோ வந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இந்தக் கட்டளையோடு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். பெட்டிக்கடை முகப்பில் தொங்கும் வாழைத்தாரைச் சட்டத்தில் பாதிக்கு வரையுங்கள், பழங்களின் இடுக்கில் பஸ்ஸும் ஆட்களும் கடுகளவில் தெரியட்டும். 10 × 15 செ.மீ. தாளில் ஆறு படம், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். முதல் இரண்டும் நகல் வாடையடிக்கும். மூன்றாவது, நான்காவதில் வாழைத்தார் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். நண்பரிடம் காட்டும்போது “ஜப்பான் படம் மாதிரி இருக்கே” என்றால் இன்னும் மேற்பூச்சில்தான் நிற்கிறீர்கள். “என்னமோ வித்தியாசமா இருக்கு, என்னன்னு சொல்லத் தெரியலை” என்றால் விதி உள்ளே இறங்கிவிட்டது.

ஒரே சமயத்தில் இரண்டு விதிகளைச் சேர்த்துப் பிடிக்காதீர்கள். தட்டை நிறமும் வெட்டுப்பட்ட அமைப்பும் சேர்ந்து வந்தால், எது படத்தை மாற்றியது என்று உங்களுக்கே தெரியாது. ஒரு மரபை விட்டு வாராவாரம் அடுத்ததுக்குத் தாவுவதும் அப்படியே. ஆப்பிரிக்க முகமூடி, பாரசீகச் சிற்றோவியம், கோண்டு ஓவியம் என்று மூன்றையும் ஒரே மாதத்தில் மேய்ந்தால் கையில் தங்குவது அலங்காரம் மட்டுமே.

எல்லா மரபும் அச்சுக்கடைப் படம்போலப் பொதுவில் விற்கப்பட்டதும் அல்ல. பிகாசோ 1907-இல் பாரிஸின் த்ரோகதேரோ அருங்காட்சியகத்தில் பார்த்த ஆப்பிரிக்க முகமூடிகள் சடங்குக்குச் செய்யப்பட்டவை, செய்தவர் பெயர் அங்கே எழுதப்படவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வடிவங்கள் பலவற்றை வரையும் உரிமை குறிப்பிட்ட குலத்தாருக்கே உண்டு. அவர்களுடைய ஓவியங்களை அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்து இறக்குமதி செய்தவர்களுக்கு எதிராக 1994-இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் பயிற்சிக்காகச் செய்யும் நகல் வேறு, விற்பனைக்கு வைப்பது வேறு. நகலின் பின்பக்கத்தில் மூல ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, எந்த அருங்காட்சியகப் பிரதி என்று நாலு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் படம் ஒன்றில் ஒரு கோணம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கவும் அந்த நாலு வரி உதவும்.